கைநாட்டும் கையெழுத்தும்

அந்த வழக்குக் கட்டில் ஒரே ஆளின் இரண்டு அடையாளங்கள் இருந்தன. வக்காலத்தில் இடது பெருவிரல் ரேகை. பிறகு, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 313ஆம் பிரிவின் கீழ், சாட்சியங்கள் பற்றி நீதிபதி அவரிடம் கேட்ட கேள்விகளுக்கான தாளில் பக்கத்துக்குப் பக்கம் திருத்தமான கையெழுத்து.

சட்ட உதவி வக்கீலாக நான் முதலில் சிறையில் மனு போட்டு அவரைப் பார்க்கப் போனது அவர் கைதான மூன்றாம் நாள். கொத்தனார், நாற்பதைத் தொடும் வயது. பேனாவைக் கொடுத்தேன். நுனி தாளைத் தொட்டதும் கிறுக்கலாக இழுத்துக்கொண்டு ஓடியது. இன்னொரு முறை முயன்றுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். “பத்தாவது வரை படித்திருக்கிறேன் சார்” என்றார், தலையைக் குனிந்துகொண்டு. பிறகு சட்டைக் கையிலிருந்து எதையோ கிள்ளிக் கிள்ளிக் கீழே போட ஆரம்பித்தார். கேட்டதற்கு எறும்பு என்றார். ஓர் எறும்பும் இல்லை.

“குடி நின்றுவிட்டது அல்லவா சார், இவர்களுக்கு மூன்றாம் நாள் இப்படித்தான்” என்றார் வார்டர். நான் நடிப்பு என்றே நினைத்தேன். அன்றிரவு பிதற்றல் முற்றி, அவரை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். நாள்தோறும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் நடுக்கமும் குழப்பமும் இல்லாததைக் காண்பதும் வரலாம், கவனிக்காவிட்டால் உயிரே போகலாம் என்பதை அதன் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். சட்டக் கல்லூரியில் இதை யாரும் சொன்னதாக நினைவில்லை.

வழக்கு இதுதான். மனைவியின் தம்பியோடு சேர்ந்து குடித்திருக்கிறார், வாய்ச்சண்டை, உருட்டுக்கட்டையால் தலையில் ஒரே அடி. சண்டை எதற்கு என்று மூன்று சாட்சிகள் மூன்று விதமாகச் சொன்னார்கள். தம்பியைப் பறிகொடுத்த மனைவி ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்து, இரண்டு குடும்பத்தோடும் ஒட்டாமல் தனியாக உட்கார்ந்திருப்பார்.

கொத்தனாரின் தாயார் மட்டும் வராந்தாவில் என்னை விடமாட்டார். “குடி வெறியில்தான் செய்தான் என்று ஜட்ஜ் ஐயாவிடம் எடுத்துச் சொல்லுங்கள் ஐயா. நிதானத்தில் இருந்தால் கோழி அறுக்கக்கூடப் பக்கத்து வீட்டில்தான் கொடுப்பான்.” குடித்திருந்தான் என்று சொன்னால் தண்டனை குறையும் என்ற நம்பிக்கை நம் ஊரில் அசைக்க முடியாதது. சட்டம் கேட்பதோ வேறு. இந்திய தண்டனைச் சட்டத்தின் 85ஆம் பிரிவு, போதை தனக்குத் தெரியாமலோ தன் விருப்பத்துக்கு மாறாகவோ ஏற்றப்பட்டவரைத்தான் காப்பாற்றும். தானாகக் குடித்தவருக்கு 86ஆம் பிரிவு: நிதானத்தில் இருந்தால் என்ன தெரிந்திருக்குமோ அதெல்லாம் தெரிந்ததாகவே வைத்துக்கொள்ளப்படும். கொல்லும் உள்நோக்கம் இருந்ததா என்பது மட்டும் வாதத்துக்கு மிச்சம். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இவை 23, 24. எண் மாறியது, சாரம் மாறவில்லை.

இந்த விஷயத்தில் எல்லோரும் எடுத்துக் காட்டுவது பாசுதேவ் வழக்கு. 1956இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு. எழுதியவர் நீதிபதி சந்திரசேகர ஐயர். கல்யாண விருந்துக்குப் போன முன்னாள் ராணுவ ஜமேதார், தள்ளி உட்காரச் சொல்லியும் நகராத சிறுவனைச் சுட்டுவிட்டார். குடித்திருந்தார், சில நேரம் தள்ளாடினார். ஆனாலும் துணையில்லாமல் நடந்தார், புரியும்படி பேசினார், சுட்டபின் தப்பிக்கப் பார்த்தார். ஆகவே உள்நோக்கம் இல்லாத அளவுக்குப் போதை இல்லை என்று கொலைக் குற்றம் உறுதியானது.

அந்த அளவுகோலைப் பிடித்துக்கொண்டுதான் நானும் டீக்கடைக்காரரைக் குறுக்கு விசாரணை செய்தேன். அன்று கொத்தனார் தள்ளாடினாரா என்று கேட்டேன். “எவ்வளவு குடித்தாலும் தள்ளாட மாட்டார் ஐயா. அதில் அவருக்குப் பெருமை.” அரசு வழக்கறிஞர் சிரித்துக்கொண்டே குறிப்பெடுத்தார். தேவையில்லாத ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

அன்று உறைத்தது இன்றும் உறுத்துகிறது. முதன்முதலாகக் குடித்தவன் தள்ளாடுவான். பல வருடம் குடித்து உடம்பு பழகியவர் நேராக நடப்பார். அந்த நேர்நடையே நோயின் அறிகுறி. கோர்ட்டில் அதுவே நிதானத்துக்குச் சான்று. அடித்தது சுத்தமாக நினைவில்லை என்று கொத்தனார் சொன்னதை நான் நம்பினேன். ஆனால் நினைவில் பதியாமல் போனது வேறு, அந்த நொடியில் நோக்கமே இல்லாமல் போனது வேறு. இதில் சட்டம் சொல்வதை என்னால் மறுக்க முடியவில்லை.

1881இல் இங்கிலாந்தில் நீதிபதி ஸ்டீபன், குடிபோதை வேறு, குடி கொண்டுவரும் நோய்கள் வேறு என்று பிரித்தார். அளவு மீறிய குடியால் வந்த சித்தப் பிரமையைப் பைத்தியத்துக்குச் சமமாக ஏற்ற வழக்கு அது. அந்தக் கணக்குப்படி பார்த்தால், எறும்பு பொறுக்கிய அந்த மூன்றாம் நாளில் எங்கள் கொத்தனார் யாரையாவது அடித்திருந்தால் சித்தசுவாதீனம் இல்லாதவரைக் காப்பாற்றும் 84ஆம் பிரிவின் கதவையாவது தட்டியிருக்கலாம். அவர் அடித்தது மூன்று நாள் முன்னால்.

தீர்ப்பு: கொலை ஆகாத மரணம் விளைவித்ததற்கான 304ஆம் பிரிவின் இரண்டாம் பகுதி, ஏழு ஆண்டு சிறை. திடீர்ச் சண்டை, ஒரே அடி என்பதால் கொலைக் குற்றம் குறைந்தது, குடியால் அல்ல. தாயாரிடம் அதை விளக்கவில்லை. தான் சொல்லச் சொன்னதால்தான் குறைந்தது என்று அவர் நம்பினார், விட்டுவிட்டேன்.

மேல்முறையீட்டுக்குப் புது வக்காலத்து வாங்கப் போனேன். நடுக்கமில்லாமல் கையெழுத்துப் போட்டார். பிறகு தயங்கிக் கேட்டார்: “முதல் தாளில் வைத்த கைநாட்டை எடுத்துவிட்டு, அதிலும் கையெழுத்துப் போட முடியுமா சார்?”

கோர்ட்டு ஆவணம், முடியாது என்றேன்.