எந்த வீட்டிலிருந்து ஐந்து மீட்டர்?

கோழிக்கூட்டை ஒரு தடவை கட்டி, பிரித்து, மூன்று மீட்டர் தள்ளி மறுபடியும் கட்டிய கதை இது. இதில் எனக்குக் கூடுதல் வெட்கம் ஏன் என்றால், அளப்பதுதான் என் தொழில். மனை வரைபடம் வரைந்துகொடுத்துப் பிழைக்கிறவன். எல்லைக்கல்லிலிருந்து சுவருக்கு எத்தனை, சுவரிலிருந்து சாலைக்கு எத்தனை என்று இருபது வருடமாக மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் நகராட்சி விதி ஒன்றரைப் பக்கம்தான். குடியிருப்புப் பகுதியில் ஆறு பெட்டைக்கோழி வரை வைத்துக்கொள்ளலாம். சேவல் கூடாது. கூடு ‘குடியிருப்பிலிருந்து’ குறைந்தது ஐந்து மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். வீட்டு வளாகத்தில் அறுக்கக் கூடாது. முட்டையை விற்கக் கூடாது. வருடா வருடம் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். படித்தேன், புரிந்தது என்று நினைத்தேன். கொல்லைப்புறம் பதினொன்று மீட்டர் அகலம், எட்டரை மீட்டர் ஆழம். பின்பக்க மதிலை ஒட்டி மூலையில் கூடு வைத்தால் எங்கள் அடுப்படிச் சுவரிலிருந்து ஏழு மீட்டர். ஐந்து கேட்டார்கள், ஏழு கொடுக்கிறோம் என்று பெருமையோடு கட்டினேன். மரச்சட்டம், தகரக் கூரை, உள்ளே குறுக்கே ஒரு கம்பு, முட்டையிட இரண்டு பெட்டி, முன்னால் வலை அடித்த ஓட்டவெளி.

இரண்டாவது மாதம் பின்வீட்டு அம்மா வந்தார். சண்டைக்கு வரவில்லை. வாசலில் நின்றபடியே, “தம்பி, பதினைந்து நாளாகப் படுக்கையறை ஜன்னலைத் திறக்கவில்லை” என்றார். நான் உடனே உள்ளே போய் விதித்தாளை எடுத்துவந்து, விதிப்படிதான் இருக்கிறது அம்மா, பாருங்கள் என்று சத்தமாகப் படித்துக்காட்ட ஆரம்பித்தேன். “கூடு, அடுத்தவர் குடியிருப்பிலிருந்து...” என்ற இடத்தில் நாக்கு நின்றுவிட்டது. ‘அடுத்தவர்’ என்ற சொல் அங்கேயே, அச்சில், முதல் நாளிலிருந்து இருந்திருக்கிறது. நான் என் வீட்டிலிருந்து அளந்திருக்கிறேன். அந்த அம்மாவின் படுக்கையறைச் சுவர் மதிலுக்கு அந்தப் பக்கம் இரண்டே மீட்டர். என் கூடு மதிலை ஒட்டி. ஐந்து வேண்டிய இடத்தில் இரண்டு.

ஏன் அப்படிப் படித்தேன் என்று பிறகு யோசித்தேன். கோழி வைக்கிற யாரும் கூட்டை எங்கே கட்டுவார்கள்? தங்கள் வீட்டிலிருந்து முடிந்த அளவு தூரத்தில். அதாவது மதிலோரம். அதாவது அடுத்த வீட்டுக்காரர் மூக்குக்கு நேராக. இந்த இயல்பைத் தெரிந்த யாரோதான் அந்த ஒரு சொல்லைப் போட்டிருக்க வேண்டும்.

அன்று இரவே மனை வரைபடத்தை விரித்து, சுற்றியிருக்கும் மூன்று வீட்டுச் சுவர்களிலிருந்தும் ஐந்து மீட்டர் பட்டை தீட்டினேன். பின்பக்கம் மூன்று மீட்டர் போயிற்று. பக்கத்து வீடுகள் இரண்டும் மதிலிலிருந்து ஒன்றரை மீட்டரில் இருப்பதால் பக்கவாட்டில் இருபுறமும் மூன்றரை மீட்டர் போயிற்று. மிஞ்சியது நடுவில் நாலுக்கு ஐந்தரை மீட்டர். அதில் பாதியில் கழிவுநீர்த் தொட்டியின் மூடி. மீதியில் துணி காயப்போடும் கொடி. தெரிந்தே இதைத்தான் மனைவியிடம் கடைசியாகச் சொன்னேன்.

அலுவலகத்துக்கு ஒரு நடை போய் இன்னொன்றையும் கேட்டுக்கொண்டேன்: தூரம் கூட்டுக்கு மட்டுமா, ஓட்டவெளிக்குமா? அங்கே இருந்தவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “கோழி நிற்கிற இடமெல்லாம் கணக்குதான்” என்றார். இது விதியில் எழுதப்படவில்லை. கேட்காமல் விட்டிருந்தால் இரண்டாவது தடவையும் பிரித்திருப்பேன். உங்கள் ஊர் விதியில் தூரம் என்று ஓர் எண் இருந்தால், எதிலிருந்து எதுவரை என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். சுவரா, மதிலா, ஜன்னலா, மனை எல்லையா; கூரையா, வலையா. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் கோழிக்கு 4.5 மீட்டர், வாத்துக்கும் பெருவாத்துக்கும் 30 மீட்டர் என்று இருக்கிறது. ஒரே கொல்லை, இரண்டு பறவை, ஆறு மடங்குக்கு மேல் வித்தியாசம். வாத்து வளர்த்தவர்களுக்கு ஏன் என்று விளக்கத் தேவையில்லை. தண்ணீர் எங்கே இருக்கிறதோ அங்கே சேறு, அங்கே நாற்றம்.

நாற்றத்தைப் பற்றி நான் கற்றுக்கொண்டதும் அதுதான். கோழி எச்சம் காய்ந்து கிடந்தால் பெரிதாக மணக்காது. ஒரு கோழி நாளைக்குச் சுமார் நூறு கிராம் போடும். ஆறு கோழிக்கு வாரம் நாலு கிலோ. அதில் ஈரம் சேரும்போது நுண்ணுயிர்கள் யூரிக் அமிலத்தை உடைத்து அம்மோனியா ஆக்குகின்றன. கண்ணை எரிக்கும் அந்த நெடி அங்கிருந்து வருகிறது. என் பழைய கூட்டில் தண்ணீர்க் கிண்ணம் கூட்டுக்குள்ளேயே இருந்தது. கோழிகள் அதைத் தட்டித் தட்டி மரத்தூளைச் சகதி ஆக்கியிருந்தன. ஏழு மீட்டர் தள்ளி அடுப்படியில் இருந்த எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இப்போது கூடு அடுப்படி ஜன்னலிலிருந்து நாலு மீட்டருக்கும் குறைவு. லேசாக நெடி வந்தால் காலை காபி குடிக்கும்போதே தெரிந்துவிடுகிறது, அன்றே மரத்தூளை மாற்றிவிடுகிறேன். தண்ணீரை வெளியே தொங்கவிட்டாயிற்று.

அடுத்தது சேவல். எனக்குச் சேவல் ஆசை கிடையாது. முட்டைக்குச் சேவல் தேவையுமில்லை. சேவல் இல்லாமலே பெட்டை முட்டையிடும், அது குஞ்சு பொரிக்காது, அவ்வளவுதான். ஆறும் பெட்டை என்று சொல்லித்தான் குஞ்சு வாங்கினேன். ஆனால் பொரித்து ஒரு நாளே ஆன குஞ்சில் ஆண் பெண் பிரிப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. பின்புறத் துவாரத்தைப் பிதுக்கிப் பார்த்துப் பிரிக்கும் முறையை ஜப்பான்காரர்கள் கண்டுபிடித்து உலகுக்குச் சொன்னார்கள்; அதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் நூற்றில் சில தவறும். என் ஆறில் ஒன்று ஆறாவது வாரமே கொண்டை சிவந்து, கால் தடித்து, மற்றவற்றைவிட நிமிர்ந்து நடந்தது. நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். பதினான்காவது வாரம், விடியுமுன், தொண்டை கட்டிய பையன் பாட முயன்ற மாதிரி ஒரு சத்தம். சரி, முடிந்தது.

ஒரு வாரம் குறுக்கு வழி தேடினேன். இரவில் இருட்டுப் பெட்டிக்குள் வைத்தால் கூவாது என்றார்கள். கூவியது. பிறகு படித்தேன்: 2013இல் ஜப்பானின் நாகோயா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் பார்த்தபோது, சேவல்கள் வெளிச்சம் வருவதற்குச் சுமார் இரண்டு மணி நேரம் முன்னாலேயே கூவத் தொடங்கின; இரவு பகல் தெரியாமல் ஒரே மங்கல் வெளிச்சத்தில் வைத்தபோதும் விடியல் நேரத்தை ஒட்டியே கூவின. கடிகாரம் உள்ளே இருக்கிறது, பெட்டி என்ன செய்யும்? இன்னொரு தகவல் எனக்கு மிகவும் பிடித்தது. சேவல் கூவும்போது அதன் காது வாசலில் அளந்தால் 140 டெசிபெல்லைத் தாண்டுகிறது. ஆனால் அலகை முழுக்கத் திறக்கும்போது அதன் காதுத்துளை தானாகவே அடைபட்டுக்கொள்கிறது. சேவலுக்கு அந்த வசதி இருக்கிறது. பின்வீட்டு அம்மாவுக்கு இல்லை.

சேவல் பக்கம் நின்று தீர்ப்பு வந்த கதையும் உண்டு. பிரான்சின் ஒலெரோன் தீவில் மோரிஸ் என்ற சேவல் விடிகாலையில் கூவுகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் வழக்குப் போட, 2019 செப்டம்பரில் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. 2021 ஜனவரியில் கிராமப்புறத்தின் ஓசைகளையும் மணங்களையும் அந்த நாட்டின் பாரம்பரியமாக ஏற்கும் சட்டமே வந்தது. இதை என் மனைவியிடம் ஆர்வமாகச் சொன்னேன். “நாம் இருப்பது கிராமமா?” என்று கேட்டாள். சேவலை ஊருக்கு வெளியே தோட்டம் வைத்திருக்கும் ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். வாங்கும்போதே ‘சேவலாகிவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா’ என்று கேட்டு வைத்திருக்க வேண்டும். அதைக் கேட்காமல் யாரும் குஞ்சு வாங்காதீர்கள்.

பெட்டைகளும் ஊமை இல்லை. முட்டையிட்டுவிட்டு வெளியே வந்து கேறும் பாருங்கள், ஊருக்கே அறிக்கை. மனிதர்கள் பேசும் அளவுச் சத்தம்தான், ஆனால் பெரும்பாலும் காலை நேரத்தில். இடப்பக்க வீட்டுத் தம்பி இரவு வேலை முடிந்து காலை ஏழுக்கு வந்து படுப்பவர். அவர் தூங்கும் நேரமும் என் கோழிகள் முட்டையிடும் நேரமும் ஒன்று. விதியில் இதற்கு இடமில்லை. சேவல் கூடாது என்றவர்கள் பெட்டை கேறக் கூடாது என்று எழுத முடியுமா? நான் முட்டைப்பெட்டிகளின் வாயை எங்கள் அடுப்படிப் பக்கம் திருப்பிவைத்தேன். “இப்போ பரவாயில்லை அண்ணா” என்றார். உண்மையிலேயே குறைந்ததா, இல்லை நான் கேட்டதற்காகச் சொன்னாரா, தெரியாது. விற்கத்தானே கூடாது என்று வாரம் ஆறு முட்டை அவர் வீட்டுக்கும் ஆறு முட்டை பின்வீட்டுக்கும் போகிறது. லஞ்சம் என்கிறாள் மனைவி.

எலி பற்றி நீளமாக எழுதினால் இந்தப் பதிவு முடியாது. சுருக்கமாக: கோழி பெயரில் வரும் புகார்களில் சில உண்மையில் எலியைப் பற்றியவை. தீவனத்தை மூடி போட்ட இரும்பு டிரம்மில் வையுங்கள், இரவில் தீவனத் தட்டை உள்ளே எடுத்துவிடுங்கள். கோழிவலை என்று விற்கும் மெல்லிய அறுகோண வலை கோழி வெளியே போகாமல் தடுக்கும்; எலியும் நாயும் உள்ளே வராமல் தடுக்காது. அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பிவலை) வேண்டும், கீழேயும்.

பதிவு செய்வது வீண் வேலை என்றுதான் நானும் நினைத்தேன். ஐந்து கோழிக்கு எதற்கு விண்ணப்பம், முகவரி, கையெழுத்து? இங்கிலாந்தில் முன்பு ஐம்பது பறவைக்கு மேல் இருந்தால்தான் பதிவு கட்டாயம். 2024 அக்டோபர் 1 முதல் ஒரு கோழி வைத்திருந்தாலும் பதிய வேண்டும். காரணம் பறவைக் காய்ச்சல். ஓரிடத்தில் நோய் வந்தால் சுற்றுவட்டாரத்தில் எங்கெல்லாம் கோழி இருக்கிறது என்று தெரிந்தால்தானே எச்சரிக்க முடியும்? பெரிய பண்ணைகள் எங்கே என்று எல்லோருக்கும் தெரியும். என்னைப் போல மதிலுக்குப் பின்னால் நாலும் ஐந்துமாக வைத்திருப்பவர்கள்தான் கண்ணில் படாதவர்கள். இதைப் படித்த பிறகு விண்ணப்பத்தை முணுமுணுக்காமல் நிரப்புகிறேன்.

ஆனால் ஒரு விஷயத்தில் விதி எழுதியவர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. ஆறுக்கு மேல் கூடாது என்கிறார்கள், அறுக்கவும் கூடாது என்கிறார்கள். இரண்டையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். பெட்டை ஐந்து மாதத்தில் முட்டையிடத் தொடங்கும். இரண்டு மூன்று வருடத்துக்கு மேல் முட்டை குறைந்துகொண்டே வரும். ஆனால் நன்றாகப் பார்த்துக்கொண்டால் எட்டு வருடம்கூட உயிரோடு இருக்கும். முட்டையிடாத கோழியும் எண்ணிக்கையில் ஒன்றுதான். கொஞ்ச வருடத்தில் ஆறு இடமும் கிழவிகளால் நிரம்பிவிடும், புதிதாக ஒரு குஞ்சு வாங்க இடமிருக்காது. விதி எழுதியவர் கோழியை முட்டை இயந்திரமாக நினைத்தாரா, செல்லப்பிராணியாக நினைத்தாரா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

நான் ஒன்று செய்தேன். ஆறாவது இடத்தைச் சேவல் போனபோது நிரப்பவில்லை. இந்த வருடம் இரண்டு விடைக்கோழி (முட்டையிடும் பருவத்தை நெருங்கும் இளம் பெட்டை) வாங்கலாம் என்று பார்த்தால் ஓர் இடம்தான் இருக்கிறது. புதிதாக ஒற்றைக் கோழியைக் கூட்டத்துக்குள் விட்டால் மற்றவை கொத்தியே கொன்றுவிடக்கூடும். இருக்கிற ஐந்தில் கறுப்பி எட்டு மாதமாக ஒரு முட்டை போடவில்லை. ஆனாலும் தினமும் காலை எல்லோருக்கும் முன்னால் முட்டைப்பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்து, அரைமணி நேரம் கழித்து இறங்கி வந்து, இருப்பதிலேயே பலமாகக் கேறுகிறாள்.

அடுத்த மாதம் அனுமதி புதுப்பிக்க வேண்டும். ‘கோழிகளின் எண்ணிக்கை’ என்ற கட்டத்தில் ஐந்து என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.