லீவுக்கு முன்னாடி வர்ற மூணு வாரம்

நான் மினசோட்டால ஒரு எலிமென்டரி ஸ்கூல்ல பாராவா வேலை பாக்குறேன், அதாவது கிளாஸ் டீச்சர் இல்ல, ஸ்பெஷல் எஜுகேஷன் பிள்ளைங்க கூடவே இருந்து அவங்க மத்தவங்களோட ஒரே கிளாஸ்ல உக்காந்து படிக்க ஒத்தாசை பண்றவங்க. இது எனக்கு ஆறாவது டிசம்பர். நவம்பர் கடைசில வர்ற தேங்க்ஸ்கிவிங் பண்டிகை முடிஞ்சு வின்டர் பிரேக் விடுற வரைக்கும் ஒரு மூணு வாரம் இருக்கும், அத பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சுட்டே இருந்தேன்.

அந்த மூணு வாரமும் பிள்ளைங்க அடங்கவே மாட்டாங்க, "லீவு வருதுல்ல, அந்த குஷில ஆடுதுங்க"ன்னு தான் எல்லாரும் சொல்லுவாங்க. மொத ரெண்டு வருஷம் நானும் அதத்தான் நம்புனேன். நம்மூர்ல அரையாண்டு பரீட்சை கடைசி நாள் வரைக்கும் இருக்கும், பேப்பர குடுத்துட்டு ஓடி வந்துருவோம், அதனால லீவுக்கு முந்தி இப்படி ஒரு கலாட்டாவ நான் பாத்ததே இல்ல. இங்க ஒரு நாள் பைஜாமா டே, ஒரு நாள் விதவிதமா சாக்ஸ் போட்டுட்டு வரணும், நடுவுல அசெம்ப்ளி, கான்சர்ட் ரிகர்சல், வெளிய குளிர் ஜாஸ்தியானா ரிசெஸும், அதான் வெளையாட விடுற நேரம், கிளாஸுக்குள்ளயே. ஒரு நாளாச்சும் டைம்டேபிள் படி நடக்கணுமே.

போன டிசம்பர்ல ரெண்டாங்கிளாஸ் பையன் ஒருத்தன் கூட இருந்தேன். ஆட்டிசம் இருக்கு, சத்தம்னா ஆகாது, ஆனா கணக்குல கெட்டிக்காரன். நவம்பர் வரைக்கும் நல்லா போயிட்டிருந்துச்சு, டிசம்பர் ரெண்டாவது வாரத்துல பாத்தா நாற்காலிய தள்றான், பக்கத்து பிள்ளய ஒரு நாள் அடிச்சுட்டான். நாங்க இதுக்குன்னு ஏபிசி ஷீட் எழுதுவோம், ஒரு விஷயம் நடந்தா அதுக்கு முன்னாடி என்ன ஆச்சு, அவன் என்ன பண்ணான், அப்புறம் என்ன ஆச்சுன்னு மூணு கட்டம், பக்கத்துல டைமும் போடணும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஸ்பெஷல் எட் டீச்சரும் நானும் அத எடுத்து வச்சு பாத்தோம். அந்த வாரம் அஞ்சு சம்பவம், அதுல நாலு பத்து மணிக்கும் பத்தே முக்காலுக்கும் நடுவுல.

பத்தே கால் அவனுக்கு ஸ்னாக் டைம். ரிகர்சலுக்காக அத பதினொண்ணுக்கு தள்ளிட்டாங்க, ஆனா அவன் டெஸ்க்ல ஒட்டியிருக்குற படம் போட்ட ஷெட்யூல்ல ஸ்னாக் படம் அதே எடத்துல தான் இருக்கு. யாருமே அத மாத்தல, நான் உட்பட. அவன் அந்த படத்த நம்பித்தான் ஒரு நாள ஓட்டுறான், அது ஒண்ணு சொல்லுது, பெரியவங்க நாங்க இன்னொண்ணு பண்ணி, பசியோட அவன ரிகர்சல் நடக்குற ஸ்கூல் ஜிம்முக்கு கூட்டிட்டு போய் ஸ்பீக்கர் பக்கத்துல நிக்க வைக்கிறோம். அவன் மேல ஒரு தப்பும் இல்ல.

திங்கக்கிழமை ஜிம்ம ஒரு ஃபோட்டோ எடுத்து கார்டா பண்ணி ஷெட்யூல்ல ஒட்டுனோம். ஸ்னாக் குடுத்துட்டு தான் கெளம்புறது, காதுக்கு ஹெட்ஃபோன், நிக்கிற எடம் கீழ் வரிசைல கடைசி, கதவுக்கு பக்கத்துல, தாங்கலன்னா "பிரேக்"னு எழுதுன கார்ட என் கைல குடுத்துட்டு வெளிய வந்துரலாம். மொத நாள் நாலு நிமிஷம் நின்னான். மறுநாள் ஒரு பாட்டு முழுசா.

இதுக்கு நடுவுல ஒரு மீட்டிங்ல, பிள்ளய அடிச்சிருக்கான்ல, கிளாஸ் பார்ட்டி அன்னிக்கு அவன் வேற ரூம்ல இருக்கட்டும்னு ஒரு பேச்சு வந்துச்சு. எனக்கு மனசே ஆறல. அமெரிக்காலயே 1975-ல இவங்களையும் ஸ்கூல்ல படிக்க வைக்கணும்னு சட்டம் வர்ற வரைக்கும் 10 லட்சத்துக்கு மேல மாற்றுத்திறனாளி பிள்ளைங்க ஸ்கூலுக்கு வெளிய தான் இருந்தாங்க, 1990-ல ஐடிஇஏ, அதாவது மாற்றுத்திறனாளிகள் கல்விச் சட்டம்னு பேர் மாறுனது அதே சட்டம் தான். பாடம் மட்டும் இல்ல, சாப்பாடு, ரிசெஸ் மாதிரி நேரத்துலயும் முடிஞ்ச வரைக்கும் மத்த பிள்ளைங்களோட சேர்ந்து இருக்கணும்னு அதுல இருக்கு. நல்லா நடந்துக்கிட்டா குடுக்குற கூலியா பார்ட்டி? அந்த கிளாஸ்ல அவனும் ஒருத்தன், அவ்வளவுதான். ஸ்பெஷல் எட் டீச்சர் இத என்ன விட நல்லா எடுத்து சொன்னாங்க, சொன்னதோட விடாம பார்ட்டிக்கே ஒரு ஷெட்யூல் போட்டு போர்டுல எழுத வச்சாங்க, ஒண்ணேகாலுக்கு குக்கி, ஒன்றரைக்கு கேம், அப்படி. அதனால அவனுக்கு மட்டும் இல்ல, மொத்த கிளாஸுக்கும் நிம்மதியா போச்சு.

பார்ட்டின்னதும் இன்னொண்ணு. ஹாட் சாக்லேட்ல மார்ஷ்மெல்லோ போடுவாங்க, அதுல இருக்குற ஜெலட்டின் பெரும்பாலும் பன்னிலேருந்தோ மாட்டுலேருந்தோ எடுக்குறது. எங்க ஸ்கூல்ல சோமாலி முஸ்லிம் பிள்ளைங்க நெறைய பேர், மொத வருஷம் ஒரு பொண்ணு கப்ப கையில வச்சுட்டு குடிக்காம பாத்துட்டே நின்னா. நான் வெஜிடேரியன்ங்கறதால எனக்கு ஒடனே புரிஞ்சுச்சு. இப்ப நானே முன்னாடி போய் ஹலால் மார்ஷ்மெல்லோ வாங்கி வச்சிர்றேன், எல்லாருக்கும் அதே பாக்கெட்.

லீவே வேணாம்னு நெனைக்கிற பிள்ளைங்களும் இருக்காங்க. மினசோட்டால 2023-லேருந்து எல்லா பிள்ளைக்கும் ஸ்கூல்ல காலை சாப்பாடும் மதிய சாப்பாடும் ஃப்ரீ, வீக்எண்டோட சேத்து 16 நாள் லீவுன்னா அது அத்தன நாளும் கெடைக்காது. சில பிள்ளைங்களுக்கு வீட்ல சண்டை, சில பேரு அப்பா வீட்டுக்கும் அம்மா வீட்டுக்கும் அலையணும். கடைசி வாரம் தெனமும் வயித்து வலின்னு நர்ஸ் ரூமுக்கு போறவங்கள கவனிச்சா தெரியும். இன்னும் இத்தன நாள் தான்னு போர்டுல கவுன்ட்டவுன் போடுறது எனக்கு அதனாலதான் புடிக்காது. நாங்க இப்ப சின்ன காலண்டர் பண்ணி வீட்டுக்கு குடுத்து விடுறோம், திரும்பி வர்ற நாள்ல ஸ்கூல் படம் ஒட்டி.

கான்சர்ட் அன்னிக்கு அவன் ரெண்டு பாட்டு நின்னான். மூணாவது ஆரம்பிக்கும்போது கார்ட எடுத்து என் கைல குடுத்தான். ரெண்டு பேரும் ஹால்வேல தரையில உக்காந்தோம், கதவு லேசா தெறந்திருந்துச்சு, ஹெட்ஃபோன ஒரு காதுலேருந்து நகத்தி வச்சுட்டு மிச்ச பாட்டு மொத்தத்தையும் அங்கேருந்தே கூட பாடுனான்.