வை நதிக்கரையில் ஒரு கூரையில்லாத மாதா கோயில்

மே மாதம் மாதாவின் வணக்க மாதம். டின்டர்ன் மடத்துக்குப் போக அக்காவும் நானும் மே மாதச் சனிக்கிழமை ஒன்றைத் தேர்ந்தெடுத்ததற்கு அது மட்டும் காரணமில்லை. வேல்ஸ் எல்லையில், வை ஆற்றங்கரையில் அந்த மடம் தொடங்கப்பட்டதே 1131 மே 9 அன்றுதான். சிஸ்டர்சியன் என்ற கத்தோலிக்கத் துறவற சபையார் தங்கள் மடங்களையெல்லாம் மாதாவுக்கே ஒப்புக்கொடுத்தார்கள். வேல்ஸில் அவர்கள் கட்டிய முதல் மடம் இது.

காரில் போனால் மடத்து வாசலிலேயே இறங்கிக்கொள்ளலாம். நடந்து போய்ச் சேருவதுதான் எங்கள் வேண்டுதல். அதனால் பக்கத்து ஊரான செப்ஸ்டோவிலிருந்து ஆற்றின் இங்கிலாந்துக் கரை வழியாகப் புறப்பட்டோம். 8ஆம் நூற்றாண்டில் ஆஃபா மன்னன் எழுப்பிய நீண்ட மண்கரையை ஒட்டியே பாதை போகிறது. ஏறக்குறைய பத்து கிலோமீட்டர், பெரும்பாலும் காடு.

மே மாதத்தில் பீச் மரங்களுக்குத் தளிர் விடும் நேரம். வெயில் இலைக்குள்ளேயே புகுந்து வருகிறது. தரையெல்லாம் காட்டுப் பூண்டு வெள்ளைவெள்ளையாகப் பூத்திருந்தது. மிதிக்காமல் நடந்தாலும் வாசம் மூக்கைத் துளைத்தது. அக்கா செபமாலையின் சந்தோஷ தேவரகசியங்களைத் தொடங்கினாள். மேடு வந்தால் பாதி மந்திரத்தில் மூச்சு வாங்கும். நின்று, விட்ட இடத்திலிருந்து தொடருவோம். உட்கார்ந்து சொல்லும் செபமாலையைவிட அன்றைய செபமாலையில் என் மனம் நன்றாக ஒன்றியது.

காட்டின் உச்சியில் ஒரு சுண்ணாம்புப் பாறை நீட்டிக்கொண்டு நிற்கிறது. சாத்தானின் பிரசங்க மேடை என்பார்கள். அதன் மேலேறி நின்று, கீழே வேலை செய்யும் துறவிகளை மடத்தை விட்டு ஓடிவரச் சொல்லிச் சாத்தான் ஆசை காட்டினானாம். அங்கிருந்து பார்த்தால் மரங்களுக்கிடையே மடம் முழுதாகத் தெரிகிறது. அந்தக் கதையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நள்ளிரவு தாண்டியதும் எழுந்து கோயிலுக்குப் போக வேண்டும், பகலில் ஏழு முறை திருப்பாடல் பாட வேண்டும், சாயமிடாத கம்பளி உடுத்த வேண்டும். நோயாளிகள் அறையையும் சமையல்கட்டையும் விட்டால், குளிர்காய நெருப்பு எரிந்தது ஒரே அறையில்தான். இப்படி வாழ்ந்தவர்களுக்கு அந்தக் குரல் கேட்காமலா இருந்திருக்கும்? கேட்டும் அங்கேயே இருந்தார்கள். அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இறங்கி, பழைய டிராம் பாதைப் பாலத்தைக் கடந்தால் வேல்ஸ். கடலின் ஏற்ற இறக்கம் இந்த ஆற்றில் இவ்வளவு தூரம் வரை ஏறி வருகிறது. நாங்கள் போனபோது தண்ணீர் வற்றி, இரு கரையிலும் சேறு பளபளத்தது.

இன்று நிற்கும் பெரிய கோயில் 1269இல் தொடங்கிக் கட்டப்பட்டது. 1301இல் அபிஷேகமானது. நார்ஃபோக் பிரபு ரோஜர் பைகாட் அதற்குப் பெருங்கொடை கொடுத்தார். எட்டாம் ஹென்றி மடங்களை ஒழித்தபோது, 1536 செப்டம்பர் 3 அன்று இது அரசன் கைக்குப் போனது. கூரையின் ஈயத்தகட்டைக்கூட விட்டுவைக்கவில்லை. ஆனால் மேற்குச் சுவரில் ஏழு பாகமாகப் பிரித்த பெரிய சன்னலின் கல்வேலைப்பாடு ஏறத்தாழ முழுசாக நிற்கிறது. கண்ணாடி இல்லாததால் அதன் வழியே எதிர்மலைக் காடு தெரிகிறது. நடுவே நான்கு பெரிய வளைவுகள். தரை முழுக்கப் புல்.

சிலுவை வடிவக் கோயிலின் வடக்குக் கைப்பகுதியில் ஒரு வாசலைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். மாடியில் தூங்கிய துறவிகள் இராத்திரி ஜெபத்துக்கு நேரே கோயிலுக்குள் இறங்கிவரும் படிக்கட்டு அங்கேதான் இருந்தது. இருநூறு வருடத்துக்கும் மேலாக, மழையானாலும் பனியானாலும், அந்த வழியாக இறங்கியிருக்கிறார்கள்.

சுற்றிலும் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். "தம்பி, இங்க ஜெபம் சொன்னா யாராச்சும் ஏதாச்சும் சொல்லுவாங்களாடா?" என்று அக்கா தயங்கினாள். "இது அதுக்குன்னே கட்டின இடந்தானேக்கா" என்றேன். பலிபீடம் இருந்த கிழக்குக் கோடிக்குப் போனோம். சிஸ்டர்சியன் துறவிகள் படுக்கப்போகும் முன் கடைசியாகப் பாடுவது கிருபை தயாபத்து மந்திரம். ஊரில் அம்மா செபமாலை முடிந்ததும் எங்களைச் சொல்லவைத்ததும் அதேதான். மெதுவான குரலில் இருவரும் சொன்னோம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்ற ஒரு பெண் மட்டும் முடியும்வரை காத்திருந்து, கடைசியில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு நகர்ந்தார்.

நுழைவுச் சீட்டு வாங்க வேண்டும். திரும்ப செப்ஸ்டோவுக்குப் பஸ் இருக்கிறது. அப்புறம் ஒன்று: மடம் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே டின்டர்ன் தவத்துக்குப் பேர்போன இடம். அரசாட்சியை மகனிடம் விட்டுவிட்டு இங்கே தவமிருந்த தியூட்ரிக் மன்னர், எதிரிகள் வந்தபோது இந்த ஆற்றுத்துறையில் மறித்து நின்று காயம்பட்டார் என்பது பழைய வரலாறு. அவர் உயிர்விட்ட மாத்தர்ன் என்ற ஊரில் அவர் பெயரில் கோயிலும் ஒரு புனித ஊற்றும் இன்றும் உண்டு. செப்ஸ்டோவிலிருந்து நடக்கிற தூரம்தான். அடுத்த மே மாதம் அங்கே போகலாம் என்று அக்கா பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டாள்.