பிறை வெல்டிங் பட்டறை நாட்குறிப்பு: புகை

மார்ச் 10, 2025, திங்கள்
இன்று முழுக்க ஜி.ஐ. குழாயில், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயில், கிரில் கதவு வேலை. துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்துவிடும். இரும்பு உருகவே 1,500 டிகிரி வேண்டும். அதனால் ஆர்க் (வெல்டிங் மின்பொறி) பட்டதும் முதலில் புகைவது பூச்சுதான். பஞ்சு பஞ்சாக வெள்ளையாய்ப் பறப்பது துத்தநாக ஆக்சைடு. அதை மூச்சில் இழுத்தாலும் சில மணி நேரம் ஒன்றும் தெரியாது. வீட்டுக்குப் போன பிறகு வாயில் உலோகச் சுவை, தாகம், குளிர் நடுக்கம், காய்ச்சல். ஓரிரு நாளில் அடங்கிவிடும், ஃப்ளூ என்று நினைத்துவிடுவார்கள். தினமும் புகையில் நிற்பவருக்கு உடல் பழகி அறிகுறி குறையும். சனி, ஞாயிறு ஓய்வில் அந்தப் பழக்கம் போய்விடும். அதனால்தான் திங்கட்கிழமை அதிகம் படுத்துகிறது.

பால் குடித்தால் சரியாகிவிடும் என்பதை நம்பாதீர்கள். பால் இறங்குவது வயிற்றுக்கு, துகள் தங்குவது நுரையீரலில்.

மார்ச் 11, செவ்வாய்
பற்றவைக்கும் இடத்தின் இருபுறமும் 50 மில்லிமீட்டராவது பூச்சைக் கிரைண்டரால் எடுத்துவிட வேண்டும். குழாயின் உள்பூச்சுக்குக் கிரைண்டர் எட்டாது, ஆகவே புகையை இழுத்து வெளியேற்றும் உறிஞ்சியும் தேவை. குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைக்கவே கூடாது: ஆர்க்கின் வெப்பத்திலும் புற ஊதாக் கதிரிலும் அது ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாகும்.

மார்ச் 13, வியாழன்
உறிஞ்சி ஓடுகிறது, புகை மட்டும் முகத்துக்கே வருகிறது. காரணம் தூரம். உறிஞ்சிக் குழாயின் வாய் 150 மில்லிமீட்டர் அகலம் என்றால், ஆர்க்கும் அந்த 150க்குள் இருக்க வேண்டும். அந்தத் தூரத்திலேயே இழுவேகம் குழாய் வாயில் இருப்பதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். மின்விசிறியை முதுகுக்குப் பின்னால் வைப்பதும் தவறு. உடலுக்கு முன்னால் காற்று சுழன்று புகையை முகத்திடமே இழுக்கும். பக்கவாட்டில் வையுங்கள், மெதுவாக. வேகம் கூடினால் மிக் வெல்டிங்கில் (கம்பி தானாக வரும் வாயு வெல்டிங்) பற்றவைப்பைக் காக்கும் வாயு கலைந்து அதில் துளை விழும்.

மார்ச் 15, சனி
ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பெரும்பாலும் இந்தக் காய்ச்சலைத் தராது, அதனால் யாரும் பயப்படுவதில்லை. பயப்பட வேண்டியது இதற்குத்தான். புகையில் ஆறு இணைதிறன் குரோமியமும் (குரோமியத்தின் நச்சு வடிவம்) நிக்கலும் உண்டு. பூச்சுள்ள குச்சியால் செய்யும் வெல்டிங்கில், டங்ஸ்டன் முனையால் செய்யும் டிக் வெல்டிங்கைவிட மிக அதிகம். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வெல்டிங் புகை எதுவானாலும் புற்றுநோய் தரும் என்று 2017இல் உறுதியாக வகைப்படுத்தியது. துணி மாஸ்க்கும் சர்ஜிக்கல் மாஸ்க்கும் இதற்கு உதவாது. பி100 என்ற நுண்துகள் வடிகட்டியுள்ள அரைமுகக் கவசம் ஹெல்மெட்டுக்குள் அடங்கும். தாடி இருந்தால் ஓரத்தில் கசியும்.

மூச்சுத்திணறலோ நெஞ்சு இறுக்கமோ வந்தால் காத்திருக்க வேண்டாம். காட்மியம் பூசிய போல்ட்டைச் சூடாக்கினாலும் முதலில் சாதாரணக் காய்ச்சல் போலவே தொடங்கி, பிறகு நுரையீரலில் நீர் கோத்து உயிரையே எடுக்கலாம். நேராக அவசரப் பிரிவுக்குப் போய், எந்த உலோகம், எந்தப் பூச்சு, எத்தனை மணிக்கு என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.