தவக்கால நாட்குறிப்பு: மூத்தவள்

மார்ச் 5, 2025, சாம்பல் புதன்

சிங்கப்பூர் ஓஃபிர் ரோடு லூர்து அன்னை ஆலயத்தில் மாலைத் திருப்பலி. வேலை முடிந்து நேராக வந்தவர்கள் கழுத்து அட்டையைக்கூடக் கழற்றாமல் வரிசையில் நின்றார்கள். எனக்கு முன்னால் கப்பல் பட்டறைச் சீருடையில் ஒரு தம்பி, அவருக்கு முன்னால் கோட் போட்ட ஒருவர். இருவர் நெற்றியிலும் ஒரே சாம்பல். "நீ மண், மண்ணுக்கே திரும்புவாய்" என்று ஃபாதர் சொன்னபோது பயம் வரவில்லை. பாரம் இறங்கியது போல இருந்தது.

இந்தக் கோயில் 1888இல் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காகக் கட்டப்பட்டது. அன்று இங்கே முழங்காலிட்டவர்களில் எத்தனை பேரை இன்று யாருக்குத் தெரியும்? அவர்கள் என்ன சாதித்தார்கள் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆனால் பெயர் சொல்லித்தான் ஒவ்வொருவருக்கும் ஞானஸ்நானம் கொடுத்திருப்பார்கள்.

மார்ச் 9

உறவினர் வீட்டுக் குழந்தைக்கு ஞானஸ்நானம். சாப்பாட்டுப் பந்தியில் பெரியப்பா முறை ஒருவர், "இப்ப எந்த பேங்க்லம்மா இருக்க?" என்றார். அப்பாவைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டுவிட்டேன் என்றேன். "அடடா, நல்ல பதவியாச்சே" என்றார். அன்பாகத்தான் சொன்னார். பிறகு என்னிடம் பேச அவருக்கு எதுவும் இல்லை.

அந்த மௌனம் வீடு வரை கூடவே வந்தது. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ முடிவு வந்த நாளிலிருந்து என்னைப் பற்றிய எல்லாப் பேச்சிலும் ஓர் எண் இருந்தது. பிறகு பல்கலைக்கழகத் தரம், வங்கியில் ஆண்டு மதிப்பீடு, போனஸ். இந்த ஊர் அப்படித்தான் வளர்ந்தது. அதன் நன்மையை அனுபவித்தவள் நான், குறை சொல்ல வரவில்லை. ஆனால் எண்கள் நின்றுபோனதும், மதிப்பு என்ற ஒன்று எனக்கு மிச்சம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

போப் பிரான்சிஸ் கடந்த செப்டம்பரில் தேசிய விளையாட்டரங்கத் திருப்பலியில் பேசியதை இரவு மறுபடி கேட்டேன். நம் வானுயர்ந்த கட்டடங்களைப் பாராட்டிவிட்டு, அவற்றின் அடித்தளத்தில் முதலில் இருப்பது பணமோ தொழில்நுட்பமோ அல்ல, அன்பு என்றார். சிங்கப்பூருக்கு வந்து அதைச் சொல்லத் துணிவு வேண்டும்.

மார்ச் 14

அப்பா தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். 1972இல் முதல் கொள்கலன் கப்பல் வந்து நின்றதை நூறு முறை சொல்லியிருப்பார். இப்போது அது நினைவில் இல்லை. நீண்டகாலச் சேவைப் பதக்கத்தைக் காட்டினால், "யாருதும்மா இது?" என்கிறார். ஆனால் திருப்பலி அப்பமான நற்கருணை வரும்போது தலையை நிமிர்த்தி வாயைத் திறக்கிறார். அதை அவர் மறக்கவில்லை.

துறைமுகத்துக்குப் பக்கத்தில், கம்போங் பாருவில் இருக்கும் புனித தெரேசா ஆலயத்துக்குத்தான் அந்தக் காலத்தில் அவர் அடிக்கடி போவார். 1929இல் திறந்த கோயில். அந்தப் புனிதை, லிசியே நகரின் குழந்தை தெரேசா, 1897இல் 24 வயதில் காசநோயால் இறந்தார். அடைபட்ட மடம், துணி துவைப்பது, பிடிக்காத சகோதரியிடம் முகம் சுளிக்காமல் இருப்பது, இதுதான் அவர் வாழ்க்கை. "இவர் இறந்தால் என்ன எழுதுவது, சொல்லும்படி எதுவும் செய்யவில்லையே" என்று உடன் இருந்த சகோதரி ஒருவர் சொன்னதாகச் சொல்வார்கள். நூறு ஆண்டு கழித்து, 1997இல், திருச்சபை அவரை மறைவல்லுநராக, அதாவது விசுவாசத்தைக் கற்றுத்தரும் பெரும் ஆசிரியர்களில் ஒருவராக, அறிவித்தது.

1895இல் அவர் எழுதிய அர்ப்பண செபத்தில் ஓர் இடம் என்னைப் பிடித்து நிறுத்துகிறது: வாழ்வின் மாலையில் வெறுங்கையோடு உம்முன் வருவேன், என் செயல்களை எண்ணிப் பார்க்கும்படி நான் கேட்கவில்லை என்கிறார். அவருக்கு அந்த வெறுங்கை தோல்வி அல்ல. கடவுள் நிரப்புவதற்கான இடம்.

மார்ச் 19, சூசையப்பர் திருவிழா

நான்கு நற்செய்திகளிலும் சூசையப்பர் பேசியதாக ஒரு வார்த்தை இல்லை. தச்சர் என்று தெரியும். என்ன செய்து வைத்தார் என்று தெரியாது.

இரண்டாம் ஜான் பால் 1981இல் எழுதிய சுற்றுமடலில், வேலைதான் மனிதனுக்காக, மனிதன் வேலைக்காக அல்ல என்கிறார். செய்கிறவர் மனிதர் என்பதால்தான் வேலைக்கு மாண்பு வருகிறது. நாங்கள் வங்கியில் இதைத் தலைகீழாக நம்பினோம். உழைப்பைக் குறைத்துப் பேசுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், எஜமான் ஊழியரிடம் பணத்தை ஒப்படைத்துப் பிறகு கணக்குக் கேட்கும் தாலந்து உவமையும் நற்செய்திதான். ஆனால் அதிலும் தாலந்து முதலில் கொடுக்கப்படுகிறது, கணக்கு பிறகுதான் வருகிறது.

மார்ச் 23

நம் நேரம் இரவு 7 மணிக்கு அப்பாவும் நானும் தொலைக்காட்சி முன் உட்கார்ந்தோம். 38 நாள் மருத்துவமனையில் இருந்த போப், ரோமில் ஜெமெல்லி மருத்துவமனை மாடத்துக்கு வந்தார். 88 வயது. குரல் எழும்பவில்லை. நன்றி சொல்லிவிட்டு, கூட்டத்தில் மஞ்சள் பூக்களோடு நின்ற ஒரு பெண்ணைச் சுட்டிக்காட்டிப் பாராட்டினார். அத்தனை பலவீனத்திலும் ஓர் ஆளைக் கவனித்தார். எனக்கு அழுகை வந்தது. அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார், எதற்கென்று அவருக்குத் தெரிந்திருக்காது.

மார்ச் 30, தவக்கால 4ஆம் ஞாயிறு

இன்று ஊதாரி மகன் உவமை: சொத்தில் பங்கு வாங்கி அழித்துவிட்டுத் திரும்பும் இளைய மகனுக்குத் தகப்பன் விருந்து வைக்கிறார், மூத்தவன் கோபித்து உள்ளே போக மறுக்கிறான். எல்லா மறையுரையும் இளையவனைப் பற்றித்தான் இருக்கும். நான் வீட்டுக்கு மூத்தவள். எனக்கு மூத்தவன்தான் கண்ணில் படுகிறான்.

அவன் வயலில் இருந்து வருகிறான், அதாவது வேலையில் இருந்து. "இத்தனை ஆண்டுகளாக அடிமைபோல் உழைக்கிறேன்" என்று கணக்கை எடுத்து வைக்கிறான். இளையவன் "அப்பா" என்று அழைக்கிறான். மூத்தவன் வாயில் அந்தச் சொல் ஒரு முறைகூட வரவில்லை. தம்பியையும் "உம்முடைய மகன்" என்கிறான். மகனாகவே பிறந்து வளர்ந்தவன், சம்பளக்காரனைப் போலத் தன்னை எண்ணியே காலம் கழித்திருக்கிறான்.

தகப்பனோ இவனையும் தேடி வெளியே வருகிறார். நீ நன்றாக உழைத்தாய் என்று அவர் சமாதானம் சொல்வதில்லை, அதுதான் என்னை உலுக்கியது. உழைப்பைப் பற்றிப் பேச்சே எடுக்காமல், மகனே, நீ எப்போதும் என்னோடு இருக்கிறாய், என்னுடையதெல்லாம் உன்னுடையது என்கிறார். அவன் வெளியே நின்றபோதும், கோபித்தபோதும் அது உண்மை. அவன் உள்ளே போனானா என்று இயேசு சொல்லவில்லை.

ஃபாதர் ரோஜா நிற உடையில் அப்பத்தை உயர்த்திய நேரம், நான் அமைதியாகச் சொன்னேன்: அப்பா, நான் வருகிறேன்.

ஏப்ரல் 4

பழைய மேலதிகாரி அழைத்தார். வாரத்தில் மூன்று நாள் வேலை, சின்னப் பதவி, சம்பளம் முன்பு வாங்கியதில் பாதிகூட இல்லை. போன ஆண்டாக இருந்தால் இதை அவமானமாக எடுத்திருப்பேன். இன்று மருந்துச் செலவை மட்டும் கூட்டிப் பார்த்தேன்; அந்தப் பணம் உதவும். அப்பாவை அந்த நாள்களில் பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தில் சேர்க்க இடம் கிடைக்குமா என்று திங்கட்கிழமை விசாரிக்க வேண்டும். கிடைத்தால் போவேன்.