கன்று வீச்சு நோய் எனக்கு வந்தபோது

மாடு வைத்திருப்பவர்கள் காய்ச்சலுக்கு மருத்துவரிடம் போனால், மாடு வைத்திருப்பதையும், அதில் ஏதாவது கன்று வீசியிருந்தால் (மாதம் நிறையாமல் கன்று கலைந்து விழுந்திருந்தால்) அதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். அவர் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. நோய் இன்னதென்று தெரிவதற்குள் படாத பாடு பட்டுவிட்டேன்.

காலையில் காய்ச்சல் இருக்காது. பொழுது சாய்ந்ததும் ஏறும், இரவில் வியர்த்துக் கொட்டி படுக்கை நனைந்துவிடும். இடுப்பு விட்டுப்போகிற மாதிரி வலி. டைபாய்டு என்று மருந்து கொடுத்தார்கள். குறைந்தது, திரும்பவும் வந்தது. காசநோயோ என்று சளியும் எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை.

கடைசியில் கண்டுபிடித்தது கால்நடை மருத்துவர்தான். என் சினை மாடு ஒன்று ஏழாம் மாதத்தில் கன்று வீசியிருந்தது, நஞ்சுக்கொடியும் விழாமல் தங்கிவிட்டது. அப்புறம் இன்னொரு மாட்டுக்கும் அதே கதை. மாடுகளுக்கு இரத்தம் எடுக்க வந்த அவர், "வீட்ல யாருக்காவது விட்டு விட்டு காய்ச்சல் வருதா?" என்றார். எனக்குத்தான் என்றேன். "நஞ்சுக்கொடியை எடுத்தது யாரு?" "நான்தான்." "வெறுங்கையாலயா?" ஆமாம் என்றதும் ஒரு தாளில் 'புருசெல்லா' என்று இந்த நோய்க் கிருமியின் பெயரை எழுதிக் கொடுத்து, இதற்குப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள் என்றார்.

வீசிய கன்றிலும் நஞ்சுக்கொடியிலும் கருப்பை நீரிலும் இந்தக் கிருமி கோடிக்கணக்கில் இருக்குமாம். கையில் சின்னக் கீறல் இருந்தால் போதும். காய்ச்சாத பால் வழியாகவும் வரும். காய்ச்சினால் கிருமி செத்துவிடும். கிருமி உள்ளே போன சில வாரங்களில் காய்ச்சல் வரலாம், சில மாதங்கள் கழித்தும் வரலாம். அதனால்தான் கன்று வீசியதையும் காய்ச்சலையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

இரத்தப் பரிசோதனையில் உறுதியானது. டாக்ஸிசைக்ளின், ரிஃபாம்பிசின் இரண்டும் 6 வாரம். ரிஃபாம்பிசின் போட்டதும் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனது. அது மருந்தின் நிறம்தான், பயப்பட ஒன்றுமில்லை. டாக்ஸிசைக்ளினை நிறைய தண்ணீரோடு விழுங்க வேண்டும், விழுங்கியதும் உடனே படுக்கக் கூடாது, தொண்டைக்குக் கீழே புண்ணாக்கிவிடும். கஷ்டமான கட்டம் காய்ச்சல் நின்ற பிறகுதான் வந்தது. உடம்பு சரியாகிவிட்டதே, இன்னும் எதற்கு மாத்திரை என்று தோன்றும். பாதியில் நிறுத்தினால் நோய் திரும்ப வர வாய்ப்பு அதிகம். முழுதாகப் போட்டு முடித்தேன்.

தொழுவத்து வேலை அதைவிடப் பெரிது. எல்லா மாட்டுக்கும் ரோஸ் பெங்கால் பரிசோதனை செய்தார்கள். மாட்டின் இரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரான சீரம் ஒரு சொட்டோடு ரோஜா நிறத் திரவம் ஒரு சொட்டைக் கலந்து தட்டை ஆட்டினார்கள். நோயில்லாத மாட்டுக்கு அப்படியே இருந்தது. கன்று வீசிய இரண்டுக்கும் திரிதிரியாகத் திரண்டது. பக்கத்தில் நின்று பார்த்தபோது வயிறு கலங்கியது. இந்த மாடுகளுக்கு மருந்து கொடுத்துக் குணப்படுத்துவது நடைமுறையில் இல்லை, மந்தையிலிருந்து பிரித்துத்தான் ஆக வேண்டும். சொல்லாமல் விற்றுவிடலாம் என்று யோசனை சொன்னவர்களும் உண்டு. அது இன்னொருவர் வீட்டுக்கு நோயை ஓட்டிவிடுவதுதான், நான் ஒப்பவில்லை. கால்நடை மருத்துவர் சொன்ன வழியிலேயே அவற்றைக் கழித்தேன்.

கிடேரிக் கன்றுகளுக்கு 4 முதல் 8 மாத வயதுக்குள் தடுப்பூசி போட்டோம். காளைக் கன்றுக்கும் சினை மாட்டுக்கும் இது கிடையாது. உயிருள்ள கிருமியால் ஆன ஊசி என்பதால், பிடித்துக்கொள்பவர் கையில் குத்திவிட்டால் அவருக்கே நோய் வரலாம். கன்றை நன்றாகக் கட்டிவிட்டுத்தான் போட வேண்டும்.

இப்போது ஈற்று நேரத்தில் தோள்வரை வரும் கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொள்கிறோம். நஞ்சுக்கொடியை நாய் இழுக்காத ஆழத்தில் சுண்ணாம்பு தூவிப் புதைக்கிறோம். கர்ப்பிணிகளை அந்தப் பக்கமே விடுவதில்லை. வீட்டில் எல்லோருக்கும் இரத்தப் பரிசோதனை செய்தாயிற்று, யாருக்கும் இல்லை. எனக்கு இடுப்பு வலி மட்டும் மெதுவாகத்தான் விட்டது. திரும்ப வந்தால் உடனே வரச் சொல்லியிருக்கிறார் மருத்துவர்.