அணை உடையாது என்று பதில் வந்தது

எங்கள் ஊர் அணையைப் பற்றி நான் கொடுத்த முதல் மனுவுக்கு 22 நாளில் பதில் வந்துவிட்டது. அணைக்கட்டு உறுதியாக உள்ளது, உடையும் அபாயம் இல்லை, மனு முடித்து வைக்கப்படுகிறது. அவ்வளவுதான். படித்ததும் கோபம்தான் வந்தது. ஆனால் அந்தப் பதிலில் பொய் ஒன்றும் இல்லை. நான்தான் தப்பான கேள்வியைக் கேட்டிருந்தேன்.

கன்னியாகுமரி மாவட்டத்துப் பழையாறு சுருளோட்டில் தொடங்கி மணக்குடியில் கடலில் சேர்வதற்குள் வரிசையாகச் சின்னச் சின்ன அணைகளைத் தாண்டிப் போகிறது. எங்களுடையது அதில் ஒன்று. எது என்று இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் எந்த அலுவலகம், எந்த ஆள் என்று தெரிந்துவிடும். அதில் இரண்டு பேர் பிற்பாடு நல்ல உதவியும் செய்தார்கள். கருங்கல் கட்டு, ஒரு ஆள் உயரம்கூட வராது. நடுவில் மூன்று ஷட்டர், வலது பக்கம் கால் (பாசன வாய்க்கால்) பிரிகிற மடை. அந்தக் காலில்தான் எனக்கு மூன்று மரக்கால் விதைப்பாடு வயல் இருக்கிறது. பிழைப்பு வயலில் இல்லை, ஜெராக்ஸ் கடையில். ஒரு நாளைக்குப் பத்து மனுவாவது டைப் செய்து கொடுப்பேன். அதனால் மனு விஷயத்தில் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்ற நினைப்பு இருந்தது.

2021 நவம்பர் மழையைப் பற்றிக் குமரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்று மூன்று ஷட்டரில் ஒன்றைக்கூடத் தூக்க முடியவில்லை. ஆகாயத்தாமரையும் வேரோடு வந்த வாழையும் அடைத்துக்கொண்டு நின்றன. ஆறு அணைக்கு மேலே போனதோடு விடாமல், இடது கரையைச் சுற்றிக்கொண்டு மண்ணை அறுத்து வயலுக்குள் இறங்கியது. கும்பப்பூ (இரண்டாம் போக நெல்) நட்டு ஒரு மாதம்கூட ஆகாத வயல். தண்ணீர் வடிந்தபோது நாற்று இருந்த இடத்தில் மணல் கிடந்தது.

அந்தச் சூட்டில்தான் "அணை உடையும் அபாயம்" என்று பெரிய எழுத்தில் தலைப்புப் போட்டு, திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் போய்க் கொடுத்தேன். வந்த பதிலைத்தான் மேலே சொன்னேன்.

பதிலை எடுத்துக்கொண்டு, ஓய்வுபெற்ற லஸ்கர் அண்ணாச்சி ஒருவரிடம் போனேன். முப்பது வருஷத்துக்கு மேல் ஷட்டர் ஏற்றி இறக்கியவர். கண்ணாடி போட்டுப் படித்துவிட்டுச் சிரித்தார். "செரியாத்தான எழுதியிருக்கான் மக்கா. இது தண்ணியக் கெட்டி வைக்குத அணை இல்ல, ஏத்தி விடுத அணை. வெள்ளம் வந்தா தலைக்கு மேல போட்டும்னுதான் கெட்டிப் போட்டிருக்கு. பின்ன எங்க ஒடையும்?"

எனக்கு அது புதுச் செய்தி. அணை என்றாலே மனதில் பேச்சிப்பாறைதான் வரும். தினமும் பேப்பரில் பேச்சிப்பாறை 48 அடிக்கு எவ்வளவு, பெருஞ்சாணி 77 அடிக்கு எவ்வளவு என்று பார்த்துப் பழகிய கண். எங்கள் அணைக்கு அப்படி ஒரு மட்டம் கிடையாது, அதில் தண்ணீர் சேமிப்பதே இல்லை. மேலிருந்து வருகிற தண்ணீரை (பாண்டியன் கால் வழியாகப் பரளியாற்றுத் தண்ணீரும் இதில் சேரும்) நாலைந்து அடி உயர்த்திக் காலுக்குள் திருப்பி விடுவதுதான் அதன் வேலை. கூடவே கரையோரக் கிணறுகளில் ஊற்று நிற்கும். அவ்வளவு சின்ன வேலை. அது நடக்கவில்லை என்றால் காலில் ஒரு சொட்டு ஏறாது.

அப்புறம் அண்ணாச்சி ஒரு வெள்ளை சோடா பாட்டிலை எடுத்துக்கொண்டு வரச்சொன்னார். அணைக்குக் கீழ்ப்பக்கம், சுவரடியில் ஓரிடத்தில் தண்ணீர் கொப்புளித்துக்கொண்டிருந்தது. பாட்டிலை அதில் அமுக்கி நிரப்பி, சுவர்மேல் வைத்தார். பீடி ஒன்று பற்ற வைத்தார். "தெளிஞ்ச தண்ணி வந்தா பயப்படாண்டாம், கசிவு எல்லா அணையிலயும் உண்டு. கலங்கி வந்தா மண்ணு வருதுன்னு அர்த்தம். மண்ணு வந்தா அடி போவுதுன்னு அர்த்தம்." பீடி முடியும்போது பாட்டிலின் அடியில் நகக்கண் அளவுக்குப் பொடிமணல் படிந்திருந்தது.

பாசனத்துக்குத் திறந்திருந்த மேலே உள்ள பெரிய அணைகளைப் பிப்ரவரி 28-ஆம் தேதி அடைத்தபிறகு ஆறு வற்றியது. அப்போது மறுபடி போனோம். சுவருக்குக் கீழே, மேலிருந்து விழுகிற தண்ணீர் மண்ணைத் தோண்டாமல் இருக்கக் கல் பாவி ஒரு தளம் போட்டிருப்பார்கள். ஏப்ரன் என்பார்கள். அதன் முன்விளிம்பில் கல் பெயர்ந்து பள்ளமாகிக் கிடந்தது. அண்ணாச்சி துரட்டிக்கம்பைத் தளத்துக்கு அடியில் விட்டார். என் கை நீளத்துக்கு உள்ளே போனது. மேலே கல், அடியில் வெறும் பொந்து.

ஆக, பயப்பட வேண்டியது சுவர் உடைவதை அல்ல. ஷட்டர் திறக்காததை, அடிமண் அரிப்பதை, கரை அறுபடுவதை. மூன்றும் என் முதல் மனுவில் இல்லை.

சட்டம் ஏதாவது உதவுமா என்றும் தேடினேன். 2021-இல் அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. ஆனால் அது 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டருக்குள் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டவற்றுக்கும்தான். பருவமழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு என்பதெல்லாம் அந்தப் பெரிய அணைகளுக்கு. எங்கள் அணை அந்தக் கணக்கில் சேராது. சரி, தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறதே.

இங்கும் முதலில் ஒரு தப்பு. "ஏன் பராமரிக்கவில்லை?" என்று எழுதினேன். ஏன் என்று கேட்டால் தகவல் கிடைக்காது. ஆவணத்தில் இருப்பதைத்தான் தருவார்கள். அண்ணாச்சியின் மருமகன் வக்கீல் ஆபீஸில் இருக்கிறார், அவர் திருத்திக் கொடுத்தார். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பிரிவு 2(ஜே)-யின் கீழ் கோப்புகளை நேரில் பார்வையிட வேண்டும் என்று மட்டும் கேட்டேன். கூடவே ஷட்டர் பராமரிப்பு எஸ்டிமேட், எம்-புக் (செய்த வேலையை அளந்து எழுதும் புத்தகம்) பக்கங்கள், அணையின் வரைபடம். 30 நாள் போயிற்று, பதில் இல்லை. முதல் மேல்முறையீடு போட்டதும் போன் வந்தது, "வாங்க சார், பார்த்துக்குங்க" என்று.

முதல் ஒரு மணி நேரம் கட்டணம் இல்லை. அந்த ஒரு மணி நேரத்தில் முக்கால்வாசி, கோப்பைத் தேடுவதில் போயிற்று. கடைசியில் கிடைத்த கோப்புக்கட்டுக்குள் பழைய நீலநிற வரைபடம் ஒன்று நாலாக மடித்து இருந்தது. அதில் ஏப்ரன் நீளம் 24 அடி. நான் மார்ச்சில் டேப் பிடித்து அளந்தது 15. மீதி 9 அடி ஆற்றோடு போயிருக்கிறது, காகிதத்தில் மட்டும் பத்திரமாக இருக்கிறது. நகல் ஒரு பக்கத்துக்கு 2 ரூபாய் கட்டச் சொன்னார்கள். என் கடையிலும் அதே ரேட்தான்.

அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்குப் போனபோது கையில் மூன்று சாமான் இருந்தது: வரைபட நகல், தேதி போட்ட போட்டோ, மணல் படிந்த சோடா பாட்டில். பேச இரண்டு நிமிஷம்தான் கிடைத்தது. அபாயம் என்ற வார்த்தையே சொல்லவில்லை. வரைபடத்தில் 24, தரையில் 15, இரண்டில் எது சரி என்று மட்டும் கேட்டேன். பாட்டிலை மேஜையில் வைத்தபோது பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். பொறியாளர் சிரிக்கவில்லை. பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

பத்து நாளில் ஆய்வுக்கு வந்தார்கள். அதன்பிறகு எஸ்டிமேட், நிதி, டெண்டர் என்று போனதை விவரிக்க ஒன்றுமில்லை. மாதம் ஒரு போன், மாதம் ஒரு "பைல் மேலே போயிருக்கு". ஒன்றை மட்டும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன்: வேலை மார்ச்சிலிருந்து மே மாதத்துக்குள் நடக்க வேண்டும். ஜூன் 1-இல் தண்ணீர் திறந்துவிட்டால் அடுத்த பிப்ரவரிவரை ஆற்றில் இறங்க முடியாது. ஒரு கையெழுத்து ஏப்ரலுக்குத் தள்ளிப்போனால் வேலை ஒரு வருஷம் தள்ளிப்போகும். இதை அவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லைதான். ஆனாலும் சொன்னேன்.

2023 ஏப்ரலில் வேலை தொடங்கியது. பொந்தைக் கான்கிரீட்டால் நிரப்பி, ஏப்ரனை நீட்டி, முன்விளிம்பில் ஆழமாக ஒரு தடுப்புச்சுவர் இறக்கினார்கள். இரண்டு ஷட்டர் புதுசு. மூன்றாவதற்குப் பணம் போதவில்லை என்று பழைய பலகையை அடைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அந்த டிசம்பர் மழையில் ராத்திரி பதினொரு மணிக்குக் குடையும் டார்ச்சுமாகப் போனோம். இப்போதைய லஸ்கருக்கு எங்களைத் தவிர இன்னும் நாலு அணை. அவர் எங்கேயோ மாட்டிக்கொண்டார். ஷட்டர் சுற்றுகிற ஹேண்டில் அவர் கையில். போனில் கேட்டு, அவர் வீட்டுக்குப் பைக்கில் ஆளை விட்டு எடுத்து வந்து இரண்டையும் தூக்க ராத்திரி ஒரு மணி ஆகிவிட்டது. தண்ணீர் கரையைத் தொட்டது, ஆனால் சுற்றவில்லை. மறுநாளே இன்னொரு ஹேண்டில் கேட்டு எழுதிக் கொடுத்தோம். அது மட்டும் ஒரே வாரத்தில் வந்தது. இப்போது அணைப்பக்கத்து டீக்கடையில் தொங்குகிறது.

மாதம் ஒரு தடவை பாட்டில் பிடிக்கிற வழக்கம் நிற்கவில்லை. போன மாதத்து இரண்டு பாட்டில் ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் இருக்கின்றன. நடுவில் பிடித்ததில் அடியில் ஒன்றும் இல்லை. இடது கரையோரம் பிடித்ததில் கொஞ்சம் இருக்கிறது. அதற்கும் மூன்றாவது ஷட்டருக்கும் சேர்த்து மனு கொடுத்திருக்கிறேன்.